புறப்பட்டுப் போனவர் எந்தக் கணக்கில்?

2022இல் சீனாவின் மக்கள்தொகை 8.5 லட்சம் குறைந்தது. 1961க்குப் பிறகு அங்கே ஆள்தொகை சரிந்தது அதுவே முதல் முறை. ஒரு குழந்தைக்கு மேல் பெற்றவர்களிடம் 35 ஆண்டுகள் அபராதம் வசூலித்த அதே அரசு, 2025இல் மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் தருவதாக அறிவித்தது. தென்கொரியாவில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 2023இல் 0.72 ஆக இறங்கி, மறு ஆண்டு 0.75 ஆக நின்றது. வெளியிலிருந்து எவரும் வராமல் ஒரு நாட்டின் மக்கள்தொகை நிலைத்து நிற்க அது ஏறத்தாழ 2.1 ஆக இருக்க வேண்டும். அந்த நாட்டிலும் 1960களில் அரசே முன்னின்று குடும்பக் கட்டுப்பாட்டைப் பிரசாரம் செய்தது.

ஒரு மனித ஆயுளுக்குள் அச்சம் தலைகீழாகிவிட்டது. அன்று "இத்தனை பேருக்கு எங்கே போவது" என்று கலங்கினார்கள். இன்று "இத்தனை வேலைக்கு ஆளுக்கு எங்கே போவது" என்று கலங்குகிறார்கள். இரண்டு கலக்கத்துக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ஒரு நாட்டின் பொருளாதாரம் எழுவதும் விழுவதும் அங்குள்ள தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது. மக்கள்தொகைக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை எனக்குத் தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. யார் எந்த வயதில் இருக்கிறார்கள், எங்கே நின்று உழைக்கிறார்கள், உழைப்பின் பலனை எந்த நாட்டின் பேரேட்டில் எழுதுகிறோம் என்ற மூன்று கேள்விகள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மூன்றாவது கேள்வியை ஏறக்குறைய எவருமே கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தலை எண்ணிக்கையே எல்லாவற்றையும் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். நிலம்தான் சொத்து, அந்த நிலமோ வளராது என்றிருந்த காலம் அது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய் அக்கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைக் கொன்றது. நிலம் அப்படியே கிடந்தது. உழக் கைகள் இல்லை. பிழைத்தவர்களின் கூலி ஏறியது. நிலக்கிழார்கள் பதறிப்போனார்கள். நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று இங்கிலாந்து 1351இல் சட்டம் போட்டது. அதே சட்டம், வேலையாள் நல்ல கூலி தேடி வேறு ஊருக்குப் போவதையும் தடுக்கப் பார்த்தது. கூலியைக் கட்டிப்போட நினைத்தவர்கள் காலையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்பதை அப்போதே புரிந்துவைத்திருந்தார்கள். இன்றைய விசா விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்துப் பொருளியலாளர் மால்தஸ் மக்கள்தொகை பற்றிய தன் நூலை 1798இல் எழுதினார். மக்கள் பெருகினால் உணவு பின்தங்கும், பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர்செய்யும் என்பது அவர் வாதம். அவருக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு அது பெருமளவு பொருந்தியது. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் நாட்டிலேயே, நீராவி இயந்திரம் அந்தக் கணக்கை உடைக்கத் தொடங்கியிருந்தது. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அவர் காலத்தில் அது சுமார் 100 கோடி. எட்டு மடங்கு பெருகியவர்கள் அன்றைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள், நன்றாக உண்கிறார்கள்.

எண்ணிக்கையை விட்டு வயதுக்கு வருவோம். பொருளியலாளர்கள் நெடுங்காலம் மக்கள்தொகை எத்தனை சதவீதம் வளர்கிறது என்பதையே வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய தொடர்பு ஒன்றும் தென்படவில்லை. டேவிட் புளூமும் ஜெஃப்ரி வில்லியம்சனும் 1998இல் வேறு மாதிரி கேட்டார்கள்: மொத்த ஆட்களை விடுங்கள், உழைக்கும் வயதினர் எவ்வளவு வேகமாகப் பெருகினார்கள்? 1965 முதல் 1990 வரையிலான கால் நூற்றாண்டில் கிழக்காசியாவின் உழைக்கும் வயதினர் ஆண்டுக்கு 2.4 சதவீதம் பெருகினார்கள். அவர்களைச் சார்ந்திருந்த குழந்தைகளும் முதியவர்களும் 0.8 சதவீதம் மட்டுமே. அப்பகுதியின் அதிசய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இந்த ஒரு மாற்றத்தால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைத்தான் இன்று மக்கள்தொகை ஈவு என்கிறோம்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு பெண்ணின் வாழ்வில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஆறு குழந்தை பெறுகிற பெண்ணுக்கு இருபதில் தொடங்கி நாற்பது வரையான ஆண்டுகள் கர்ப்பத்திலும் பாலூட்டுவதிலும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதிலுமே கழிந்துவிடுகின்றன. அவளுடைய மகளுக்கு இரண்டு குழந்தைகள். பத்து, பதினைந்து ஆண்டுகள் அவள் கைக்குத் திரும்பி வருகின்றன. அவள் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போகிறாள். வீட்டில் ஆறாகப் பிரிந்த பள்ளிச்செலவு இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிள்ளையும் கூடுதல் வகுப்பு படிக்கிறது. மிஞ்சுவது சேமிப்பாகிறது, சேமிப்பு வங்கி வழியாக முதலீடாகிறது. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே காலத்தில் இது நடந்தால் நாட்டின் கணக்கில் அதுவே ஓர் அலையாகத் தெரியும்.

ஆனால் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இளைஞர் கூட்டம் இருந்தால் வளம் தானே வரும் என்று பேசும் அரசியல்வாதிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. லத்தீன் அமெரிக்காவிலும் 1960களுக்குப் பிறகு பிறப்பு விகிதம் வேகமாகக் குறைந்தது. அங்கேயும் உழைக்கும் வயதினரின் பங்கு உயர்ந்தது. கிழக்காசியாவுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு. ஆனால் அவர்கள் கடன் சுமையிலும் பணவீக்கத்திலும் 1980களைத் தொலைத்தார்கள். வேலையும் பள்ளியும் ஆயத்தமாக இல்லாத நாட்டில் இளைஞர் பெருக்கம் என்பது வேலையில்லாதவர் பெருக்கம்தான். இந்த ஈவு ஒரு முறைதான் வரும். அன்று உழைத்தவர்கள் ஒருநாள் ஒட்டுமொத்தமாக முதுமை அடைவார்கள்.

அப்படி முதுமை அடைந்த நாட்டுக்கு ஜப்பானைத்தான் எல்லாரும் சுட்டுகிறார்கள். அங்கே 15 வயது முதல் 64 வயது வரையானவர்கள் 1995இல் சுமார் 8.7 கோடியாக உச்சம் தொட்டார்கள். இன்று அது 7.4 கோடிக்கு அருகில். மொத்த மக்கள்தொகை 2008இல் 12.8 கோடியைத் தொட்டுவிட்டு இறங்குமுகமானது. 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர். நாட்டில் ஆள் குடியில்லாத வீடுகள் 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம். இந்தத் தகவல்களை வரிசையாக அடுக்கி, ஜப்பான் தோற்றுப்போன நாடு என்று முடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவேண்டும். மொத்த உற்பத்தியை மொத்தத் தலைகளால் வகுக்காமல் உழைக்கும் வயதினரால் மட்டும் வகுத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? ஜெசூஸ் ஃபெர்னாண்டஸ்-வியாவெர்தே உள்ளிட்ட பொருளியலாளர்கள் மூவர் அப்படி வகுத்தார்கள். 1998 முதல் 2019 வரை ஜப்பானில் உழைக்கும் வயதினர் ஒருவருக்கான உற்பத்தி சுமார் 32 சதவீதம் வளர்ந்திருந்தது. அமெரிக்காவில் சுமார் 30 சதவீதம். தேங்கிவிட்டதாகச் சொல்லப்படும் நாடு, துடிப்பானதாகச் சொல்லப்படும் நாட்டைவிட ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது. உழைத்தவர்கள் சோர்ந்துவிடவில்லை, உழைப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் உழைப்பவரின் வரியிலிருந்துதான் போகவேண்டும். ஒரு தொழிலாளியின் உற்பத்தி வளர்ந்தும் அவர் கைக்கு வருவது வளராமல் போவது அதனால்தான். வளர்ச்சி குறைவு என்ற நோய்க்கும் பங்கீடு கடினம் என்ற நோய்க்கும் மருந்து வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்து தவறிவிடும்.

மக்கள்தொகையைப் பற்றிய கவலைகளில் கனமானது என்று நான் மதிப்பது வேறொன்று. அதைச் சொன்னவர் அமெரிக்கப் பொருளியலாளர் சார்லஸ் ஜோன்ஸ். நீண்ட கால வளர்ச்சி புதிய கருத்துகளிலிருந்து வருகிறது. கருத்துகள் மனிதர்களிடமிருந்து வருகின்றன. மனிதர்கள் குறைந்துகொண்டே போனால் ஒரு நாள் கண்டுபிடிப்புகள் வற்றி, வாழ்க்கைத்தரமும் நின்றுவிடும் என்கிறார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இன்று இருக்கும் மனிதர்களில் எத்தனை பேருக்கு ஆய்வுக்கூடத்தின் வாசல் வரையாவது போக வாய்த்திருக்கிறது? அமெரிக்காவில் ராஜ் செட்டி முதலானோர் காப்புரிமை ஆவணங்களை வரி ஆவணங்களோடு இணைத்துப் பார்த்தபோது, வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர் ஆவது தெரிந்தது. உலகின் பணக்கார நாட்டுக்குள்ளேயே இந்த நிலை. சரியான இடத்தில் நிற்கும் தலைகள்தாம் குறைவு. அப்படியானால் இடம் மாறுவதைப் பற்றிப் பேசவேண்டும்.

இடம் மாறுகிறவர்களைப் பற்றிய பேச்சு எடுத்ததுமே வரும் முதல் குற்றச்சாட்டு, வந்தவர்கள் இருந்தவர்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இருக்கிற வேலை இவ்வளவுதான், ஆள் கூடினால் ஒவ்வொருவருக்கும் குறையத்தானே செய்யும்?

1980 ஏப்ரலில் கியூபா தன் மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. விரும்புகிறவர்கள் போகலாம் என்றது. அக்டோபருக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகேறி அமெரிக்கக் கரை சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மயாமியிலேயே தங்கினார்கள். சில மாதங்களுக்குள் அந்த நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடிவிட்டது. பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல், மயாமியையும் அதுபோன்ற வேறு நான்கு நகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏற்கெனவே அங்கிருந்த குறைந்த திறன் தொழிலாளரின் கூலியிலோ வேலையின்மையிலோ சொல்லும்படியான பாதிப்பு எதையும் அவர் காணவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவை மறுபடி எடுத்து, பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே பிரித்தால் கூலி கடுமையாக விழுந்திருக்கிறது என்று காட்டினார். அந்தச் சிறு பிரிவில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான், அதே காலத்தில் கணக்கெடுப்பு முறை மாறியதால் அதில் இடம்பெற்றவர்களின் இயல்பே மாறிவிட்டது என்று மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. நான் கார்டின் பக்கம் சாய்கிறேன். வந்தவர்கள் வெறும் கைகளோடு மட்டும் வருவதில்லை; வயிற்றோடும் வருகிறார்கள். வீடு தேடுகிறார்கள், பொருள் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் யாராவது உழைத்துத் தரவேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்த சோதனை இன்னும் கூடுதலாகக் கற்றுத்தருகிறது. 1942 முதல் அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து பருவகாலத் தொழிலாளர்களை அழைத்துவரும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் பிராசெரோ திட்டம். வெளியாட்கள் வருவதால்தான் உள்ளூர்க் கூலி உயரவில்லை என்று சொல்லி 1964 இறுதியில் அதை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேர் வருவது நின்றது. கூலி உயர்ந்ததா? கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகியோர் பழைய ஆவணங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மெக்சிகோ தொழிலாளர்கள் நிறைந்திருந்த மாநிலங்களிலும் அவர்களே இல்லாதிருந்த மாநிலங்களிலும் கூலி ஒரே போக்கில்தான் போயிருந்தது.

அந்த வேலைகள் எங்கே போயின என்பதைக் கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களில் பார்க்கலாம். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்ற பயிர் வளர்ப்பு அறிஞர் 1940களிலேயே ஒரு வினோதமான தக்காளியை உருவாக்க முயன்றுகொண்டிருந்தார். தோல் தடிப்பாக இருக்கவேண்டும், செடியிலுள்ள காய் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கவேண்டும். காரணம் இதுதான்: கைகள் பறிக்கும்போது பழுத்ததை மட்டும் பறித்து, மற்றதை அடுத்த வாரத்துக்கு விட்டுவைக்கும். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அது செடியை அடியோடு அறுத்து, உலுக்கி, பழத்தை உதிர்த்துவிடும். ஒரு செடிக்கு ஒரே அறுவடைதான். கோபி லோரென்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரத்தை வடிவமைத்தார். இயந்திரமும் விதையும் 1960களின் தொடக்கத்திலேயே ஆயத்தமாகிவிட்டன. ஆனாலும் விவசாயிகள் தீண்டவில்லை. 1964இல் பதப்படுத்தும் ஆலைகளுக்குப் போன தக்காளியில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இயந்திரத்தால் அறுக்கப்படவில்லை. ஆட்கள் வருவது நின்றது. 1968இல் அந்தப் பங்கு 95 சதவீதம் ஆனது. தக்காளி பயிரிட்டுவந்த சுமார் 4,000 விவசாயிகள் பத்தாண்டுக்குள் சுமார் 600 ஆகச் சுருங்கினார்கள். இயந்திரம் வாங்கக்கூடிய பெரிய பண்ணைகளே தாக்குப்பிடித்தன.

இந்த ஒரு கதைக்குள் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. வெளியாளைத் தடுத்தால் உள்ளூர்க்காரர் கூலி ஏறும் என்பவர்களுக்கு: முதலாளிக்கு வேறு வழிகளும் உண்டு. குடியேற்றத்தால் நன்மை மட்டுமே என்பவர்களுக்கு: மலிவான கைகள் கிடைத்துக்கொண்டிருந்த வரையில் ஆயத்தமாக இருந்த இயந்திரம் கொட்டகையிலேயே கிடந்தது. இன்று வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களில் கொளுத்தும் வெயிலில் மனிதர்கள் செய்யும் பல வேலைகளை வேறிடங்களில் இயந்திரங்கள் செய்கின்றன என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன்.

திறன் மிக்கவர்கள் இடம் மாறும்போது கணக்கு இன்னும் எளிது. 1933இல் நாஜி அரசு யூதப் பேராசிரியர்களைப் பணியிலிருந்து விரட்டியது. அமெரிக்கா வந்து சேர்ந்த வேதியியலாளர்களின் துறைகளில் அமெரிக்கர்கள் எடுத்த காப்புரிமைகள் 31 சதவீதம் கூடியதாகப் பெட்ரா மோசரும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார்கள். அவர்கள் எண்ணியது வந்தவர்கள் செய்த கண்டுபிடிப்புகளை மட்டுமல்ல. அவர்கள் வந்ததால் அத்துறைக்குள் ஈர்க்கப்பட்ட உள்நாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்புகளும் அதில் சேர்ந்தவை. திறன் இல்லாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் கணக்கை முடிக்க மட்டும் ஒரு தலைமுறை காத்திருக்கவேண்டும். மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, சில காலம் உழைத்துவிட்டுத் திரும்பட்டும் என்று ஆட்களை வரவழைத்தது. அப்படிப் போய்க் கொலோனில் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் மகன் உகுர் சாஹின். கொரோனா தடுப்பூசி கண்ட பயோஎன்டெக் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

கூடாத விதத்தில் நடந்த குடியேற்றமும் உண்டு. கனடாவின் மக்கள்தொகை 2023இல் மட்டும் 3.2 சதவீதம், அதாவது 12.7 லட்சம் பேர் பெருகியது. அதில் 98 சதவீதம் வெளியிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் மாணவர், தற்காலிகப் பணியாளர் என்ற பெயரில் வந்தவர்கள். மொத்த உற்பத்தி வளர்ந்தது, தலைக்கு உற்பத்தி இறங்கியது. வீட்டு வாடகை எகிறியது. 2024 அக்டோபரில் அரசு தன் குடியேற்ற இலக்குகளை வெட்டிக் குறைத்தது. வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுகிற வேகத்தை மீறி ஆட்களை அழைத்தால் எந்த நாடும் திணறும். கட்டுவதை மறந்த ஆட்சியாளர்களின் தவற்றுக்கு, விமானத்திலிருந்து இறங்கிய மாணவனைக் குற்றவாளியாக்கியதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

இங்கே ஒரு கணக்கு போட்டுக் காட்ட விரும்புகிறேன். இந்தக் கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான்.

ஏழை நாடு ஒன்றின் சராசரி வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். பணக்கார நாடு ஒன்றின் சராசரி 1,000. ஏழை நாட்டில் 200 சம்பாதிக்கும் செவிலியர் ஒருவர் பணக்கார நாட்டுக்குப் போய் 800 சம்பாதிக்கிறார். சராசரிக்கு மேல் சம்பாதித்தவர் போய்விட்டதால் ஏழை நாட்டின் சராசரி இறங்குகிறது. சராசரிக்குக் கீழ் சம்பாதிப்பவர் வந்து சேர்ந்ததால் பணக்கார நாட்டின் சராசரியும் இறங்குகிறது. இரண்டு நாட்டின் புள்ளிவிவரத் துறையும் இழப்பு என்று எழுதிவைக்கும். ஆனால் யார் இழந்தார்கள்? மற்றவர் எவருடைய சம்பளமும் மாறவில்லை. செவிலியரின் வருமானம் நான்கு மடங்காகிவிட்டது. உலகின் மொத்த வருமானம் 600 கூடியிருக்கிறது. அந்த 600 எந்த நாட்டின் சாதனைப் பட்டியலிலும் இல்லை.

தலைக்கு வருமானம் என்று நாம் தினமும் படிக்கும் எண் நிலத்தின் எல்லையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கிளெமன்ஸும் லான்ட் பிரிச்செட்டும் 2008இல் இதைத் திருப்பிப்போட்டு, ஒரு நாட்டில் பிறந்தவர்கள் இன்று எங்கே வாழ்ந்தாலும் அவர்களின் வருமானம் என்ன என்று கணக்கிட்டார்கள். ஹைட்டியில் பிறந்து, இன்று ஹைட்டியிலோ அமெரிக்காவிலோ வாழ்ந்து, நாளுக்கு 10 டாலர் என்ற வறுமைக்கோட்டைக் கடந்தவர்களை எடுத்துக்கொண்டால், ஐந்தில் நான்கு பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். அந்த மக்கள் வறுமையிலிருந்து மீண்ட முதன்மையான வழி புறப்பட்டுப் போனதுதான். ஹைட்டியின் வளர்ச்சியைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் அவர்கள் வெளியேறியவர்கள், அதாவது இழப்பு. இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. ஒரு மனிதனின் முன்னேற்றத்தை அவன் பிறந்த மண்ணிலேயே நின்றால்தான் ஒப்புக்கொள்வோம் என்று சொல்ல எவருக்கு உரிமை?

விட்டுப்போனவர்களால் காலியாகும் ஊர்களை நான் மறக்கவில்லை. பல்கேரியாவில் 1985இல் சுமார் 90 லட்சம் பேர் இருந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், ஆனால் போனவர்கள் இளைஞர்கள் என்பதால் அவர்கள் பெற்றிருக்கக்கூடிய குழந்தைகளும் கூடவே போய்விட்டன. மருத்துவர் போய்விட்ட சிற்றூரின் முதியவருக்கு, உலக வருமானம் கூடிவிட்டது என்ற கணக்கு ஆறுதல் தராது. பிலிப்பைன்ஸில் மட்டும் கதை வேறு விதமாகப் போனது. 2000களில் அமெரிக்கா செவிலியர்களுக்கான விசாவைப் பெருக்கியபோது, வெளியேறிய ஒவ்வொரு செவிலியருக்கும் ஈடாக ஒன்பது பேர் கூடுதலாகப் படித்து உரிமம் பெற்றார்கள் என்று பாவ்லோ அபார்காரும் கரோலின் தியோஹரிடஸும் கண்டார்கள். போகலாம் என்ற நம்பிக்கையே அவர்களைப் படிக்கவைத்தது. படித்தவர் அனைவரும் போய்விடவில்லை. செவிலியர் கல்லூரிகள் விரைவாகப் பெருக இடமிருந்ததால் இது நடந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை அரசு முடக்கிவைத்திருக்கும் நாட்டில் இப்படி நடக்காது.

போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு 2024இல் அப்படி வந்தது சுமார் 68,500 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அந்நாடுகளுக்குக் கிடைத்த அந்நிய நேரடி முதலீட்டையும் வளர்ச்சி உதவியையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. இந்தியாவுக்கு மட்டும் சுமார் 12,900 கோடி டாலர். இந்தப் பணம் அமைச்சர் கையில் போகாமல் நேராக ஒரு தாயின் கையில் போய்ச் சேர்வதுதான் இதன் சிறப்பு. பள்ளிக்கட்டணம், மருந்து, கூரை என்று செலவாகிறது. இதற்கும் இடைத்தரகு உண்டு. ஒருவர் 200 டாலர் அனுப்பினால் உலகச் சராசரியில் சுமார் 13 டாலர் கட்டணமாகப் போகிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவருவோம் என்று உலக நாடுகள் ஐ.நா.வில் உறுதியளித்திருக்கின்றன. 3 சதவீதம் என்றால் 6 டாலர். மிச்சமாகும் 7 டாலர் ஒரு பிள்ளையின் பாடப்புத்தகச் செலவு. எந்தப் புதிய கண்டுபிடிப்பும் தேவைப்படாத இந்த வேலை இன்னும் முடியாமல் இருப்பதற்கு, அனுப்புகிறவர் இருக்கும் நாட்டில் அவருக்கு வாக்குரிமை இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வரும் பத்தாண்டுகளில் இந்தக் கேள்விகள் எல்லாம் கூர்மையாகப் போகின்றன. ஐ.நா.வின் 2024 கணிப்பின்படி உலக மக்கள்தொகை 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா மட்டும் அடுத்த முப்பது ஆண்டுகளில் 79 சதவீதம் பெருகி 220 கோடியாகும். நைஜரில் மக்களில் பாதிப்பேர் 16 வயதைக்கூட எட்டாதவர்கள். ஜப்பானில் பாதிப்பேர் ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். ஒரு பக்கம் வேலை தேடும் வயது, மறுபக்கம் பராமரிப்பு தேடும் வயது. பிறப்பு விகிதத்தை உயர்த்த ஓர் அரசு இன்றே வெற்றிகரமாகத் திட்டம் தீட்டினாலும், அந்தக் குழந்தை வரி கட்டத் தொடங்க இருபது ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் விமானம் ஏறி வர ஒரு நாள் போதும்.

வயதான நாடுகளுக்கு இது தெரியாமல் இல்லை. ஜப்பானில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2024இல் 23 லட்சத்தைக் கடந்தார்கள். பயிற்சி என்ற பெயரில் ஆட்களை வரவழைத்து, ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டுவந்த 1993ஆம் ஆண்டுத் திட்டத்தை ஒழிக்க 2024 ஜூனில் சட்டம் இயற்றினார்கள். 2027இல் வரும் புதிய ஏற்பாட்டில் ஓரிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு முதலாளியிடம் மாறலாம். நல்ல திருத்தம். ஆனால் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் திறன்பணியாளர் விசாவின் முதல் பிரிவில், முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களும் அடக்கம், அவர்கள் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துவர முடியாது. 2024இல் ஜப்பானியருக்குப் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. கணக்கெடுப்பு தொடங்கிய 1899இலிருந்து அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை.